ஆள் தேவை, விவரம் நேரில்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவளுக்கு டைப் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, பேப்பரில் வரும் ‘ஆள் தேவை’ விளம்பரங்களுக்கு அர்த்தம் சொல்வது.

அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எழுபதுகள் முழுவதும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், என் இன்ஸ்டிடியூட் இருந்தது. திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று சுற்றுப்பட்டியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். மழை பொய்த்த வருஷங்களில் கூட்டம் அதிகமாக இருக்கும். காடு விளையாமல் போனால் தகப்பன்மார்களுக்குப் பிள்ளைகளின் விரல்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு காலத்தில் விளம்பரத்தைக் கத்தரித்து, மடித்து, மடிப்பில் எழுத்து அழிகிற வரைக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தவராகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். அந்த விளம்பரங்களை எழுதியவர்கள் என் கையில் கிடைத்திருந்தால் முட்டி போட வைத்து முதல் பாடத்திலிருந்து டைப் அடிக்க வைத்திருப்பேன்.

தகுதி

நரிக்குடியிலிருந்து தங்கவேல் என்று ஒரு பையன் வருவான். வீட்டில் ஆடுகள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தான். ஆடு மேய்க்க மாட்டேன் என்று அப்பாவிடம் சபதம் போட்டுவிட்டு வந்தவன். டைப் அடித்தால் மெஷின் மேஜையோடு நகரும். வேகத்தால் இல்லை, பலத்தால்.

ஒருநாள் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். ‘உடனடியாக ஆள் தேவை. தகுதியுள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’ அவ்வளவுதான் விளம்பரம். என்ன வேலை, என்ன தகுதி, ஒன்றும் கிடையாது. நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பல்பொடி விளம்பரம் இருந்தது. அதுவாவது தெளிவாக இருந்தது.

தங்கவேல் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “தகுதி இல்லாதவுக, தனக்குத் தகுதி இல்லைன்னு எதை வச்சு டீச்சர் கண்டுபிடிப்பாக?”

ஈஸ்வரிக்குக் கெடு

என்னிடம் படித்தவர்களில் நான் ஆசை வைத்த பிள்ளை ஈஸ்வரி. ஊருக்குள்ளேயே நெசவாளர் தெரு. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவள் அடித்தால் மெஷினிலிருந்து வருகிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். வேகமாக அடிப்பாள், தப்பு வராது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தாளம் தானாக வந்திருக்க வேண்டும். ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. வேலைக்குப் போயே தீர வேண்டும் என்று இருந்தாள்.

அவள் அப்பா ராமலிங்கம் ஒருநாள் மாடியேறி வந்தார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கொஞ்சம் வளைந்தவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. மகள் வேலைக்குப் போவதில் அவருக்கு வருத்தம் இல்லையாம். ஆனால் தெருவில் எல்லோரும் கேட்கிறார்களாம். வாய்விட்டுக் கோபப்படத் தெரியாத மனிதர். கெஞ்சுவது போலத்தான் கெடு வைத்தார்.

“அடுத்த தைக்குள்ள ஒரு வேலை கெடைச்சிருச்சுன்னா அவ பாடு. கெடைக்கலைன்னா மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான். ஒண்ணு மட்டும் டீச்சரம்மா, எம்மக என்ன சோலி பாக்குறான்னு நாலு பேரு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியணும்.”

கப்பலில் வந்த மெஷின்

இந்தியாவுக்கே புதிதாக ஏதோ நகல் எடுக்கிற மெஷின் கப்பலில் வருவதாகவும், அதை இயக்க ஆள் தேவை என்றும் ஒரு விளம்பரம். கடைசி வரியில், ‘இந்த மெஷினில் மூன்று வருட அனுபவம் கட்டாயம்.’ வீரசோழனிலிருந்து வந்துகொண்டிருந்த ஜமால் அதை இரண்டு தடவை வாசித்தான். சிரிக்கவில்லை, பாவம், அவனுக்கு அவசரம்.

“அப்ப அந்த மிசினு செய்யும்போதே நான் பக்கத்துல நின்னுருக்கணும் டீச்சர்” என்றான்.

தபால் பெட்டி

கம்பெனி பெயரைப் போட வெட்கப்படுகிறவர்கள் தபால் பெட்டி எண் என்று ஒன்று போடுவார்கள். அந்த மாதிரி ஒரு விளம்பரத்துக்குத் தங்கவேல் விண்ணப்பம் போட்டான். பதில் இல்லை. மறுபடி போட்டான். பதில் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம்: காரியம் ஆகவில்லை என்றால் கடுதாசியை நம்ப மாட்டார்கள், நேரில் போய் நின்றுவிடுவார்கள். தாலுகா ஆபீஸானாலும் சரி, சம்பந்தி வீடானாலும் சரி. தங்கவேலும் புளிச்சோறு கட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான். பெரிய தபாலாபீஸில் அந்த எண் போட்ட பெட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே குத்தவைத்துவிட்டான். பெட்டியைத் திறக்க யாராவது ஒருத்தர் வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார். காக்கிச் சட்டை போட்ட வயதான கம்பெனிப் பியூன் ஒருவர், சாவியும் பையுமாக. உள்ளே இருந்த கடிதக் கட்டில் தன் கையெழுத்தைத் தங்கவேல் அடையாளம் கண்டுகொண்டு, “ஐயா, அது என்னுதுதான், என்ன வேலைய்யா அது?” என்று கேட்டிருக்கிறான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புளிச்சோற்றில் பாதியை வாங்கித் தின்றுகொண்டு, ஆற அமரச் சொன்னாராம்:

“தம்பி, நானும் இதே மாதிரி விளம்பரத்தைப் பாத்துத்தான் சேந்தேன். எனக்கே அங்க என்ன வேலைன்னு இன்னும் யாரும் சொல்லலை.”

சகலமும் தெரிந்தவர்

விளம்பரம் எழுதுகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, விளம்பரம் ஒன்று டைப் அடித்துத் தரச் சொல்லி வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கணக்கு எழுதத் தெரிய வேண்டும். இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டும். இந்தி பேச வேண்டும். லாரி ஓட்டத் தெரிய வேண்டும். ஆயில் இன்ஜின் நின்றுபோனால் ரிப்பேர் பார்க்க வேண்டும். மூட்டை தூக்கக் கூச்சப்படக் கூடாது. நல்ல குடும்பமாக இருக்க வேண்டும். சம்பளம் என்ன போட என்று கேட்டேன். “நேர்ல பேசிக்கலாம்னு போடுங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளை உருவி அவர் முன்னால் வைத்தேன். “முதலாளி, இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தன் நிஜமாவே வந்துட்டா என்ன செய்வீங்க?” என்றேன். அவர் தாளை எடுத்துத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்கு விளம்பரம் போடவில்லை. அடுத்த மெஷினில் மேஜையை நகர்த்திக்கொண்டிருந்த தங்கவேலைக் கைகாட்டி, “மூட்டை தூக்குவியாலே?” என்று மட்டும் கேட்டார். தங்கவேல் அந்த மில்லில் பிறகு மேனேஜராகவே ஆனான். என் கேள்விக்கும் முதலாளி பதில் சொல்லாமல் போகவில்லை.

“அப்பிடி ஒருத்தன் வந்தா, நான் மில்லை அவன் கையில குடுத்துட்டு அவன்கிட்ட வேலைக்குச் சேந்துருவேன் டீச்சர்.”

என்ன மிசினு?

ஈஸ்வரியின் கெடுவில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. தெருவில் ஜாதகங்கள் வரத் தொடங்கின. அந்தச் சமயத்தில்தான் இங்கிலீஷ் பேப்பரில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘எங்கள் மெஷின் பிரிவுக்குப் பெண்கள் தேவை. டைப் தெரிந்திருப்பது நல்லது. பயிற்சி தரப்படும். விவரம் நேரில்.’ விண்ணப்பம் போட்டோம். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஈஸ்வரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

ராமலிங்கம் வந்தார். “மிசினுன்னா என்ன மிசினு டீச்சரம்மா? அரைக்கிற மிசினா, இறைக்கிற மிசினா, தைக்கிற மிசினா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. ஓர் ஆசிரியைக்கு அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். ‘தாங்கள் கேட்ட விவரம் நேரில் தெரிவிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதிய ஆளை நினைத்து ஒரு தாள் முழுக்க வசவு டைப் அடித்துக் கிழித்துப் போட்டேன். ஈஸ்வரி அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ராமலிங்கம் கடைசியில் சொன்னார்: “மாப்பிள்ளைன்னா ஊரு என்ன, சோலி என்னன்னு கேட்டுட்டுத்தான பொண்ணு குடுக்குறோம்? நானும் கூட வாரேன். அந்த மிசினைக் கண்ணால பாத்தாத்தான் சம்மதம். பாக்க விடலைன்னா திரும்பிருவோம்.”

செருப்பு

விருதுநகரில் ரயிலேறி மூவரும் மெட்ராஸ் போனோம். பெரிய கட்டடம். பெண்களை வரிசையாக உள்ளே கூப்பிட்டார்கள், ஈஸ்வரியும் போனாள். நானும் ராமலிங்கமும் வெளியே பெஞ்சில். மெஷின் ரூம் எதிரேதான். கதவு மூடியே இருந்தது. திறந்தபோதெல்லாம் ஜில்லென்று காற்று வந்தது, சடசடவென்று சத்தம் வந்தது. பார்க்க அனுமதி உண்டா என்று காவல்காரரிடம் கேட்டேன். கம்பெனி முதலாளியே கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார் என்றார்.

இவ்வளவு தூரம் வந்தும் மெஷினைக் காட்டவில்லை. இந்த மனிதரோ சொன்ன சொல் மாறாதவர். மகள் இன்டர்வியூவில் ஜெயித்தாலும் அடுத்த ரயிலில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஓரக்கண்ணால் பார்த்தேன். ராமலிங்கம் கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட ஆபீசர்கள்கூட ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஏதோ தூசி படக்கூடாதாம். அவருக்கு அது தெரியாது. தறிக்குழியில் செருப்போடு யாரும் இறங்குவதில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும்.

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. “செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் போறாக. அப்ப மரியாதைப்பட்ட மிசினாத்தான் இருக்கும்” என்றார்.

எண்பது

கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் ஆபீசர் தட்டு நிறைய அட்டைகளோடு வெளியே வந்தார். நீளவாக்கில் அளவெடுத்து வெட்டிய அட்டைகள். ஒன்று நழுவி விழுந்தது. ராமலிங்கம் எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அட்டையெங்கும் சின்னச் சின்ன ஓட்டைகள்.

நெசவு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பார்டரில் பூவும் மயிலும் போடுகிற தறிகளுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். எங்கே ஓட்டையோ அதற்குத் தக்கபடி நூலைத் தூக்கும், பூ விழும். அந்த அட்டையைக் குத்துவது தனி வேலை. ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கழுத்து கோணிவிடும். அதனால் அட்டை குத்துகிறவருக்குத் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. பெண்களை அந்த வேலைக்கு வைத்ததே இல்லை.

“இதைக் குத்துறது ஆரு தம்பி?” என்றார் ராமலிங்கம். பெண்கள்தான், உங்கள் மகள் தேறிவிட்டால் அவரும்தான் என்றார் ஆபீசர். “ஒரு ஓட்டை தப்பாப் போச்சுன்னா?” “எல்லாமே தப்பாகிவிடும் ஐயா. புது அட்டைதான் குத்த வேண்டும்.” ராமலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். நான் ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு அவசரமாக, “அண்ணாச்சி, இது சேலைக்கு இல்லை, ஏதோ கணக்குப் போடுற மெஷினாம்” என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அட்டையைப் பவ்யமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீளத்துக்கு எத்தனை வரிசை என்று விசாரித்தார். எண்பது என்றார் ஆபீசர்.

“எண்பதுதானா? அப்ப சின்ன பார்டரு. பழகுற பிள்ளைக்கு அது போதும்” என்றார் ராமலிங்கம்.

கணக்கு

ஈஸ்வரி தேறிவிட்டாள். பெரம்பூரில் என் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். தை பிறக்கிறதற்கு முன்பே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: ராமலிங்கம் மகள் மெட்ராஸில் பெரிய சேலைக் கம்பெனியில் அட்டை குத்துகிறாள், கோட்டுப் போட்டவர்கள்கூட அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். ஜாதகம் கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. லீவில் வந்த ஈஸ்வரியிடம், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

“எத்தனையோ தடவை சொல்லிட்டேன் டீச்சர், இது கணக்கு மிசினுப்பான்னு. ‘பின்னே, கணக்கு இல்லாம பூ விழுமா’ன்னுட்டாரு.”

சேலை

அடுத்த பொங்கலுக்கு முன்னால் வினை வந்தது. தெருக்காரர் ஒருவர் நூல் வாங்க மெட்ராஸ் போனவர், அந்தக் கம்பெனி வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அங்க சேலையும் நெய்யலை, துண்டும் நெய்யலை. ஒம்மக என்னத்தைக் குத்துறா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். ராமலிங்கம் நேரே என் மாடிக்கு வந்தார். பொங்கலுக்கு வரும்போது அவள் அட்டையில் நெய்த சேலை ஒன்று கொண்டுவரச் சொல்லி மகளுக்கு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தது நான்தான். சேலை வராவிட்டால் மகளைத் திரும்ப அனுப்புவாரா? தெருவில் தலைகாட்டுவாரா? எழுதி முடிக்கும்வரை எனக்கு இதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலன்று என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். கேள்வி கேட்டவரும் இன்னும் சிலரும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரி பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். பச்சை உடல், அரக்குக் கரை, கரையில் சின்னதாகப் பூ. மெட்ராஸ் கடையொன்றில் வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதை அப்பாவிடம் நீட்டினாள். “இதாம்ப்பா” என்றாள்.

ராமலிங்கம் சேலையை மடியில் போட்டு விரித்தார். மறுபக்கம் திருப்பினார். கரையை விரலால் நெருடிப் பார்த்தார். நெருடிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “எம்மக அட்டைதான். பாத்துக்கங்க, ஒரு பூவாவது கோணியிருக்கா?” என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

வாசல் காலியானதும் அவர் சேலையை மடிப்புக் கலையாமல் மடித்தார். வீட்டுக்குள் கன்னடம்தான் பேசுவார். நான் இருந்ததால் தமிழில் பேசினார் என்று நினைக்கிறேன். மகள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

“நெசவு நம்ம தெரு நெசவு தாயி, மறுபக்கம் பாத்தாலே தெரியுது. அட்டை மட்டும் உன்னோடதாவே இருக்கட்டும். லீவு முடிஞ்சதும் நேரத்தோட ரயிலைப் பிடி.”

என்ன வேலை என்று சொல்லத் தெரியாத விளம்பரக்காரர்களை இன்றைக்கும் திட்டுகிறேன், ஆனால் அந்த ஒரு விளம்பரம் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் ராமலிங்கம் ரயிலே ஏறியிருக்க மாட்டார், அந்த அட்டையைக் கண்ணால் பார்த்திருக்கவும் மாட்டார் என்பதால், அதை எழுதிய புண்ணியவானை மட்டும் முட்டி போடச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.